பட்டாளத்துச் சட்டையை வெட்டலாமா?

பட்டாளத்துக்குப் போய்வந்தவர் வீட்டில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் படை எண், பதவி, பெயர், யூனிட் எழுதியிருக்கும். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் மழையை நம்பித்தான் வெள்ளாமை. காடு கைவிட்ட வருடங்களில் ராணுவத்துக்கும் துணை ராணுவத்துக்கும் ஆள் எடுக்கிற இடம் தேடிப் போனவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பென்ஷனோடும் பெட்டியோடும் ஊர் திரும்பினார்கள். சிலர் வரவில்லை, பெட்டி மட்டும் வந்தது.

அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்த உடுப்பை என்ன செய்வது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அண்மைக் காலமாக ஒரு யோசனை நம் வீடுகளிலும் காதில் விழுகிறது. சட்டையையும் கால்சட்டையையும் சதுரங்களாக வெட்டிச் சேர்த்துத் தைத்து, அடியில் ஒரு துணி கொடுத்து, நினைவுப் போர்வையாக்கி வைத்துக்கொள்வது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இதற்கென்றே தையல்காரர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் இதைக் கேட்டதும் முதலில் எழும் பதில், “ஐயோ, அதுல போயி கத்திரி வைக்கவா?” என்பதுதான். அந்தப் பதற்றத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அதற்குள் வழக்கம், சட்டம், துயரம், துணியின் இயல்பு எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

வழக்கத்திலிருந்து தொடங்குவோம். தென்மாவட்டங்களில் ஒருவர் இறந்தால் அவர் கடைசியாகப் படுத்த பாய், உடுத்திய துணி வீட்டில் தங்குவதில்லை. நல்ல நிலையில் உள்ள வேட்டி சட்டைகள் பதினாறாம் நாளுக்குப் பிறகு சொந்தக்காரருக்கோ இல்லாதவருக்கோ போய்ச் சேரும். ஆனால் இதே மண்ணில்தான் தாத்தாவின் பழைய வேட்டியில் பேரனுக்குத் தொட்டில் கட்டுகிறோம். பிறந்த குழந்தையைப் புதுத் துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்று ஆன ஆச்சியின் நூல்சேலைக் கிழிசலில்தான் பொதிகிறோம். ஆக, போனவர் துணி என்றாலே தீட்டு என்று நம் வழக்கம் முழுமையாகச் சொல்லவில்லை. வாழ்ந்து முடித்தவரின் துணி ஆசீர்வாதம். பாதியில் போனவரின் துணி பயம். பட்டாளத்து உடுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

அதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மற்ற துணியைப் போல இதை யாருக்கும் கொடுக்க முடியாது. இன்னொருவர் உடுத்திக்கொண்டு திரிந்தால் வம்பு. எரிக்கவோ ஆற்றில் விடவோ மனம் வராது. மூன்று வழியும் அடைபட்டுப்போவதால்தான் எல்லாத் துணியையும் கொடுத்துவிட்ட வீட்டிலும் இது மட்டும் பெட்டியில் மிஞ்சுகிறது. மிஞ்சியது பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. தகரப் பெட்டியின் மூலையில் துரு பிடித்து, அந்தக் கறை துணியில் ஏறும். ஒரே மடிப்பில் பத்து வருடம் கிடந்தால் மடிப்பு ஓடிய இடத்தில் நூல் இற்றுப்போகும். கம்பளி ஜெர்சியை அந்துப்பூச்சி தின்னும். பருத்தியில் இராமபாணப் பூச்சி இறங்கும். பெட்டியைத் திறந்தாலே அழுகை வருகிறது என்று திறக்காமலே விட்டுவிடும் வீடுகளில் சேதம் இன்னும் வேகமாக நடக்கிறது. வெட்டினால் போய்விடும், வைத்தால் நிற்கும் என்ற கணக்கே தவறு. கவனிக்காமல் வைத்தாலும் போய்விடும்.

போரில் விழுந்தவனை நினைக்கத் தமிழர் கண்ட வழி கல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழ்-பிராமி எழுத்து இருக்கிறது. ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்குக் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே பெயர் பொறித்துக் கல் நட்டிருக்கிறார்கள். கல்லைத் தேர்வதிலிருந்து அதை வாழ்த்துவது வரை படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. இன்றைக்கும் ராணுவ மரியாதையும் ஊர் முகப்பில் சிலையும் அந்த வரிசையில்தான் வருகின்றன. ஆனால் கல் ஊருக்குச் சொந்தம். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்க முடியாது. வீட்டுக்குள் அவனை நினைத்துக்கொள்ள நமக்கு ஒரு புகைப்படமும் அதற்கு மாலையும் தவிர வேறு வடிவம் அமையவில்லை. துணி அந்த இடத்துக்கு வரக் கூடியது என்பது என் எண்ணம்.

ராணுவத் துணியில் போர்வை தைப்பது மேற்கின் புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் அதன் பழைய கதையைக் கேட்க வேண்டும். அதில் ஒரு பெரிய பகுதி இந்தியாவில் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே பாளையங்களில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சீருடைக் கம்பளித் துணியின் வெட்டுத்துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைத்தார்கள். சிவப்பு, கருநீலம், மஞ்சள் என்று ஒவ்வொரு படைப்பிரிவின் நிறமும் அதில் இருக்கும். பிரான்சிஸ் பிரேலி என்ற சிப்பாய் 1864-க்கும் 1877-க்கும் இடையில் இந்தியாவில் இருந்த காலத்தில் தைத்த போர்வை இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பகல் வெயிலில் வேலை இல்லாமல் பாரக்கில் அடைந்து கிடந்தவர்கள் குடியில் விழாமலிருக்க, ஊசி பிடிக்கச் சொல்லி மதுவிலக்குப் பிரசாரகர்கள் ஊக்குவித்த காலம் அது. அந்தக் கம்பளி அழுத்திக் கெட்டியாக்கப்பட்டது. வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது. அதனால் தையலுக்குத் துணி விடாமல் ஓரத்தோடு ஓரம் வைத்து மிகச் சிறிய துண்டுகளைக்கூடச் சேர்க்க முடிந்தது.

கிரீமியப் போரில் தலையில் அடிபட்ட தாமஸ் வாக்கர் என்ற சிப்பாய், மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து இப்படி ஒரு போர்வை தைப்பதை 1856-ல் தாமஸ் வுட் என்ற ஓவியர் வரைந்தார். படத்தில் ஊசி பிடித்திருப்பது ஆண், அதுவும் போர்வீரன். இது பெண்பிள்ளை வேலை என்று நம் வீட்டு ஆண்கள் ஒதுங்கினால் அந்தப் படத்தைக் காட்டலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை சிங்கப்பூரில் உண்டு. 1942-ல் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்த பெண்கள், தங்களிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்டிருந்த கணவன்மாருக்கு உயிரோடிருக்கிறோம் என்று சொல்ல வழி தேடினார்கள். கனடாவைச் சேர்ந்த எதெல் மல்வானி கொடுத்த யோசனையின் பேரில் ஒவ்வொருத்தியும் ஒரு சதுரத் துணியில் தன் பெயரையும் தன்னைக் குறிக்கும் ஒரு சின்னத்தையும் ஊசியால் எழுதினாள். அப்படி 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று பிறந்தன. சந்தேகம் வரக்கூடாதென்று ஒன்றைக் காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கு என்றே தைத்தார்கள். இரண்டு போர்வைகள் இன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. சின்னத் துண்டுத் துணி எவ்வளவு பெரிய சேதியைத் தாங்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சான்று இல்லை.

பழந்துணியை அடுக்கித் தைக்கும் கலை இந்தியாவில் பல இடங்களில் செழித்திருக்கிறது. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, வடகர்நாடகத்தில் கவுதி. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கும் விருந்தாளிக்கும் விரிப்பது இவற்றின் அடிப்படை. தமிழ்நாட்டில் இந்தக் கலை அந்த அளவுக்கு வளரவில்லை. நம் வெக்கைக்குப் போர்வையே தேவைப்படாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இங்கே உள்ளது குழந்தைக்கு அடியில் போடும் அடுக்குத்துணியும் இலவம்பஞ்சு மெத்தையும்தான். ஆகவே வெளிநாட்டு முறையை அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே தடித்த பஞ்சுப் பட்டை வைத்துத் தைத்தால், சங்கரன்கோவிலில் அதை யாரும் வருடத்தில் ஒரு நாள்கூடப் போர்த்த மாட்டார்கள். மறுபடியும் பெட்டிக்குத்தான் போகும். பஞ்சு வேண்டாம். மேலே உடுப்புத் துணி, அடியில் ஒரு பருத்தித் துணி, அவ்வளவு போதும். கட்டில் விரிப்பாகவும் மார்கழிப் பனிக்குப் போர்வையாகவும் அது நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? ராணுவத்தார் அல்லாத ஒருவர் தன்னை ராணுவத்தார் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தில் அந்த உடையை அணிவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 140-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 168-ஆம் பிரிவு. அணிவதும் ஏமாற்றும் நோக்கமும்தான் இங்கே குற்றமாகின்றன. வீட்டுக் கட்டிலில் விரித்த போர்வை இதில் வராது. ஆனால் மிஞ்சிய துணியில் பேரனுக்குச் சட்டையோ பையோ தைத்துக் கொடுத்து வெளியே அனுப்புவது வேண்டாத சந்தேகத்தைக் கூட்டும். துணி பற்றவில்லை என்று கடைத்தெருவில் விற்கும் ‘மிலிட்டரி’ அச்சுத் துணியை வாங்கி இட்டு நிரப்புவதும் எனக்கு ஒப்பவில்லை. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான புதிய போர்க்கள உடையின் வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறது. போலித் துணியைத் தடுப்பதே அதன் நோக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. அவர் உடம்பில் படாத துணிக்கு அந்தப் போர்வையில் இடம் ஏது? குறைந்தால் அவருடைய வீட்டுச் சட்டை, லுங்கி, துண்டைச் சேர்க்கலாம். லீவில் வந்தபோது அவர் அதைத்தானே உடுத்தினார்.

தேசியக் கொடி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை. ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தால் உடலைப் போர்த்திய மூவர்ணக் கொடியை எரியூட்டும் முன் எடுத்து, குடும்பத்தாரிடம் ஒப்படைப்பார்கள். அதையும் போர்வையில் சேர்க்கலாமே என்று மனம் தூண்டும். சேர்க்கக் கூடாது. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவத்துக்கு இழைக்கப்படும் அவமதிப்புகளைத் தடுக்கும் சட்டமும் 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பும் கொடியைச் சிதைப்பதையும், அதை மெத்தை, தலையணை, துணிமணிகளில் தைப்பதையும் தடுக்கின்றன. கொடி முழுதாக, தனியாக, மடித்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கட்டும்.

இனி துணி. இதில்தான் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பல வேலைகள் கெட்டுப்போகும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெட்டியைத் திறந்தால் ஒரே மாதிரித் துணி இருக்காது. ஆலிவ் பச்சை டெரிகாட் சட்டையும் கால்சட்டையும் இருக்கும். இலைதழை அச்சுப் போட்ட போர்க்கள உடுப்பு இருக்கும். கம்பளி ஜெர்சி, அங்கோரா சட்டை, வெள்ளைப் பி.டி. பனியன் இருக்கும். சென்னைக்கு அருகே ஆவடியில் 1961 முதல் ராணுவ உடை தைத்துவரும் தொழிற்சாலையில் நம்மூர்ப் பெண்கள் கைபட்ட துணியாகக்கூட அது இருக்கலாம். உடுப்பின் அச்சு மாறிக்கொண்டே வந்திருப்பதால் துணியே அவருடைய சர்வீஸ் வரலாற்றைச் சொல்லும். ரெக்ரூட்டாகச் சேர்ந்த காலத்துச் சட்டையை மேல் வரிசையில் தொடங்கி, கடைசியாகப் போட்டதைக் கீழ் வரிசையில் முடித்தால் போர்வைக்கு ஒரு வரிசைமுறை தானாகவே கிடைத்துவிடும்.

கம்பளியை இதில் சேர்க்க வேண்டாம். தண்ணீர் பட்டால் அது ஒரு விதமாகச் சுருங்கும், டெரிகாட் அவ்வளவாகச் சுருங்காது. இரண்டையும் இணைத்துத் தைத்தால் முதல் சலவையிலேயே இழுத்துக்கொண்டு சுளியும். ஜெர்சியை அப்படியே வைத்து மார்கழியில் யாராவது வீட்டுக்குள் போட்டுக்கொள்வது நல்லது. மீதித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை பச்சைத் தண்ணீரில், ப்ளீச்சிங் போடாமல் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: அலசினால் வாசம் போய்விடும். வியர்வையும் ஷூ பாலிஷும் பெட்டியின் துருவும் கலந்த அந்த வாசத்துக்காகவே பெட்டியைத் திறந்து பார்க்கும் தாய்மார் உண்டு. ஒரு சட்டையை மட்டும் துவைக்காமல், வெட்டாமல், பழைய வெள்ளை வேட்டியில் சுற்றித் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றில் கை வைப்பதே முறை. உயிர் போன வேளையில் உடம்பில் இருந்த உடுப்பு வீடு வந்து சேர்ந்திருந்தால் அதையும் வெட்டக் கூடாது என்பேன். இதற்குச் சட்டக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் துண்டின் மேல் யாரும் படுத்துத் தூங்க முடியாது.

பித்தளைப் பட்டன், தோள் எழுத்து, தொப்பிச் சின்னம், பதக்கம் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட வேண்டும். உலோகம் துணியைக் கிழிக்கும், கறையும் ஏற்றும். துணியால் ஆன பதவிப் பட்டைகளைத் தைக்கலாம். லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. படை எண்ணும் யூனிட் பெயரும் உள்ள பட்டையைத் தைத்தால், அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருப்பது நல்லது.

கத்திரியை உடனே எடுக்கக் கூடாது. முதலில் பிளேடால் தையலைப் பிரித்துச் சட்டையை முதுகு, முன்பக்கம், கை என்று தனித்தனிப் பகுதியாக விரிக்க வேண்டும். இதற்கு ஒரு சாயங்காலம் பிடிக்கும். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து செய்தால் பேச்சு தன்னால் வரும். சட்டைப் பையை மூடியோடு முழுதாக விட்டு, அதைச் சுற்றிச் சதுரம் எடுக்கலாம். போர்வையில் தைத்த பிறகும் அது பையாகவே இருக்கும். குழந்தைகள் அதில் கடிதம் வைப்பார்கள். முழங்கை, தொடை போன்ற நைந்த இடங்களுக்கு உள்பக்கம் ஒட்டு கேன்வாஸ் கொடுக்க வேண்டும். டெரிகாட்டில் நேராக இஸ்திரி பட்டால் பளபளத்துப் பொசுங்கும். மேலே ஒரு பருத்தித் துணி போட்டு மிதச் சூட்டில்தான் ஒட்ட வேண்டும். சாதாரணத் தையலுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, பை மூடி போல மடிப்பு கூடும் இடத்துக்கு 16.

அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தையல் போக 10 அங்குலச் சதுரம் வேண்டுமானால் 11 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். முழுக்கைச் சட்டை ஒன்றில் முதுகில் நான்கு, முன்பக்கம் இரண்டு, கைக்கு ஒன்றாக இரண்டு, ஆக எட்டுச் சதுரம் தேறும். கால்சட்டை ஒன்றில் ஆறு. அகலத்துக்கு ஆறும் நீளத்துக்கு எட்டுமாக 48 சதுரம் சேர்த்தால் 60-க்கு 80 அங்குலப் போர்வை. மூன்று சட்டை, நான்கு கால்சட்டை போதும். இருபது வருட சர்வீஸ்காரர் பெட்டியில் இதற்கு மேலேயே இருக்கும். அடித்துணி விஷயத்தில் சங்கரன்கோவிலுக்கு ஒரு வசதி உண்டு: இது விசைத்தறி ஊர். இங்கே நெய்த நூல்சேலையை, அதிலும் அவருடைய மனைவியோ அம்மாவோ கட்டிப் பழகிய சேலையை அடியில் கொடுத்தால் அதைவிடப் பொருத்தம் வேறு கிடையாது. பழைய சேலை துவைத்துத் துவைத்துச் சுருங்கி முடித்தது, மேல்துணியை இழுக்காது. பஞ்சு வைக்காததால் மெஷினில் குறுக்கும் நெடுக்கும் ஓட்ட வேண்டியதில்லை. சதுரங்கள் கூடும் மூலைகளில் இரட்டை நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டு, ஓரத்துக்குப் பட்டை அடித்தால் முடிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு வெட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில், வெட்டலாம். காரணம், உடுப்பு ஒன்றுதான், உரிமை பலருக்கு. திருமணமான சிப்பாய் இறந்தால் உதவித்தொகையும் விருதும் பெரும்பாலும் மனைவி வழி போகின்றன. பெற்றோர் ஒதுங்கி நிற்க நேர்கிறது. இந்த மனத்தாங்கலை 2024-ல் நாடே விவாதித்தது. பெட்டி எந்த வீட்டில் இருக்கிறதோ உடுப்பும் அந்த வீட்டில்தான் இருக்கும். மருமகள் பிறந்த ஊருக்கோ வேலைக்கோ போய்விட்டால் மாமியாருக்கு ஒன்றுமில்லை; மாமியார் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. முழுச் சட்டையைப் பங்கு வைக்க முடியாது, சதுரங்களைப் பங்கு வைக்கலாம். 48 சதுரத்தில் ஒரு பெரிய போர்வைக்குப் பதிலாக 24, 24 என்று இரண்டு சிறியவை தைக்கலாம். ஆறு சதுரம் ஒதுக்கினால் தங்கச்சிக்கு ஒரு தலையணை உறை கிடைக்கும்.

ஆனால் யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. வருடம் திரும்பும் முன் இந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது. மனைவி வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். அவளைக் கேட்காமல் அண்ணனும் தம்பியும் பெட்டியைத் திறந்து தையல்காரரிடம் கொண்டுபோவது பெரிய அநியாயம். பென்ஷனில் வந்து நல்லபடியாக இருக்கிற பட்டாளத்துக்காரர் வீட்டில் இந்தச் சங்கடமே இல்லை. அவரையே உட்காரவைத்து, எந்தச் சட்டை எந்தப் போஸ்டிங்கில் போட்டது, எந்தக் கிழிசல் எங்கே விழுந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு அவர் கண்முன்னே தைக்கலாம். அவர் சொல்வதை அடித்துணியில் ஒரு மூலையில் நூலால் எழுதலாம்: பெயர், சேர்ந்த வருடம், வந்த வருடம், யூனிட், சேலை யாருடையது. எழுதாவிட்டால் மூன்றாம் தலைமுறைக்கு அது வெறும் பச்சைப் போர்வை.

இரண்டாகத் தைப்பதென்று முடிவானால் பை வைத்த சதுரங்கள் எந்தப் போர்வைக்கு, பெயர்ப்பட்டை எந்தப் போர்வைக்கு, வெட்டாமல் எடுத்து வைத்த சட்டை யார் வீட்டில் என்பதைத் தையலைப் பிரிப்பதற்கு முந்தின நாளே எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும்.